பல் படாமல் கரைய வேண்டியது

மருந்தைத் தாமதப்படுத்துவதுதான் என் படிப்பு. இப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எதைத் தாமதப்படுத்த ஆராய்ச்சி வேண்டும்? பஸ் தானாகவே தாமதமாக வரும். மழை வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. மனு கொடுத்தால் பதில் பேரன் காலத்தில் வரும். ஆனால் மருந்து மட்டும் அப்படியில்லை. விழுங்கிய சற்று நேரத்தில் மொத்தமும் ரத்தத்தில் இறங்கி ஆட்டம் போட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோகும். அதைப் பிடித்து நிறுத்தி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட ஒரு கொழகொழப்பான பொருள் வேண்டும். அந்தக் கொழகொழப்பைத்தான் நான் ஆறு வருஷம் கிண்டினேன். அதற்காகத்தான் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பத்து வயது. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டை தூக்கினார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா களையெடுக்கப் போவாள். எங்களுடையது கோயில் தெரு. கோயில் என்றால் மாதா கோயில். அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறையாகச் சாமியார் கையால் அப்பத்தை நாக்கில் வாங்கிக்கொள்கிற நாள். அந்த அப்பத்தை ஆண்டவரின் உடல் என்று நம்புகிறவர்கள் நாங்கள்; அதை நன்மை என்போம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அம்மா எனக்கு வீட்டில் ஒத்திகை நடத்தினாள். பொரிக்காத அப்பளத்தை எட்டணா அகலத்துக்குக் கிள்ளி என் நாக்கில் வைப்பாள்.

"வாயை மூடு. பல்லு படக் கூடாது. தானாக் கரையணும்."

"கடிச்சா இன்னாம்மா ஆவும்?"

"ரத்தம் வரும். ஆண்டவரைக் கடிப்பியா நீ? எப்பக் கரையணும்னு அவருக்குத் தெரியும். நீ ஜல்தி பண்ணாத."

புதுநன்மை அன்றைக்கு நான் ஓரமாக ஒரு கடி கடித்துப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை. அதுதான் என் முதல் ஆராய்ச்சி. முடிவை அம்மாவிடம் சொல்லவில்லை.

நாக்கில் தானாகக் கரைகிற அப்பம் அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. மாத்திரைதான் பிரச்சினை. முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஓடி ஏறுகிற மனுஷன், ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு மூன்று சொம்பு தண்ணீர் குடிப்பார். தண்ணீரெல்லாம் இறங்கிவிடும், மாத்திரை நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டில் மாத்திரை என்றால் இரண்டு கரண்டி. ஒரு கரண்டியின் குழியில் மாத்திரை, அதன் மேல் இன்னொரு கரண்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. தூளைத் தண்ணீரில் கலக்கி அம்மா நீட்டுவாள், அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். சீக்காளிக்கு மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பவள் பாசக்காரி. அப்படியே கையில் கொடுக்கிறவள் சோம்பேறி. அம்மா எந்த நாளும் சோம்பேறியாக இருந்ததில்லை.

நான் திண்டிவனத்தில் கெமிஸ்ட்ரி படித்து, மேலே படித்து, இரண்டாயிரத்து ஆறில் விழுப்புரத்துப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். என் வழிகாட்டிப் பேராசிரியரை நாங்கள் சார் என்போம். நல்ல மனிதர்தான். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை விஷயங்கள் இருந்தன: பேப்பரில் போடக்கூடியது, போட முடியாதது.

எனக்கு அவர் கொடுத்த விஷயம் வினோதமானது. வெண்ணெய், மெழுகு, வெல்லப்பாகு எல்லாமே சூட்டில் இளகும், குளிரில் இறுகும். நான் செய்ய வேண்டிய கூழ் இதற்குத் தலைகீழ். குளிரில் தண்ணீராக இருக்கும். உடம்புச் சூடு பட்டால் இறுகிவிடும். அதில் மருந்தைக் கலந்து ஊசியாகப் போட்டால், உள்ளே போனதும் கூழ் கெட்டிப்பட்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சொட்டுச் சொட்டாக விடும். தினமும் போட வேண்டிய மருந்தை வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதுதான் கனவு. பக்கத்து லேப்காரர்கள் எங்கள் அறைக்குக் கொழகொழ ரூம் என்று பெயர் வைத்தார்கள். வெண்டைக்காய் சீப்பாகக் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

அறை வெப்பநிலையில் வைக்கவும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருந்தது. அறை வெப்பநிலை என்றால் இருபத்தைந்து. எந்த ஊர் அறை என்று தெரியவில்லை. எங்கள் அறையில் மே மாதம் சுவரைத் தொட்டாலே சுடும். உடம்புக்குள் போய் இறுக வேண்டிய கூழ் பாட்டிலிலேயே இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் அறையாகிவிடும், அறை அடுப்பாகிவிடும். ஒரு கோடை முழுக்க நான் கூழைத் தண்ணீராக்குவதிலேயே கழித்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவர் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை; வாய் கோணி, வலது கை தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். இனிமேல் பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். மருந்துப் பட்டியல் நீளமாக இருந்தது. முன்பு பயத்தில் விழுங்காதவருக்கு இப்போது தண்ணீர் குடித்தாலே புரையேறியது. அம்மா இரண்டு கரண்டியையும் கழுவித் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டாள். களையெடுக்கப் போவதை விட்டாள். காலையில் எட்டரைக்கு மாத்திரை என்றால் எட்டரை. கோயில் மணியாவது தப்பும், அம்மாவுக்குத் தப்பாது.

ஒரு சனிக்கிழமை நான் என் கூழை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து அப்பாவுக்குக் காட்டக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் இரண்டு முறை திறந்து பார்த்தேன். நல்லவேளை, தண்ணீராகவே இருந்தது. அவருடைய நல்ல கையில் கொஞ்சம் ஊற்றினேன். உள்ளங்கைச் சூட்டில் அது மெல்ல அசையாமல் நின்று, இறுகி, பளபளத்தது. அப்பா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நுங்காட்டம் இருக்குது," என்றார், கோணின வாயால்.

"இதுல மருந்து வெச்சா மெதுவா வெளிய வரும் நைனா. ஒருவாட்டி போட்டா ஒரு வாரத்துக்கு வரும்."

"அப்பச் சீக்கிரம் கண்டுபுடி. உங்கம்மா குடுக்கற தூளைக் குடிச்சுக் குடிச்சு வாயெல்லாம் கசக்குது."

அம்மா சிரித்தாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்த நாட்களில் அது ஒன்று.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, நான் தரையில் காகிதங்களைப் பரப்பி ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் கூழிலிருந்து எவ்வளவு மருந்து வெளியே வந்தது, இரண்டு மணியில் எவ்வளவு, நான்கு மணியில் எவ்வளவு என்கிற கோடு. அது செங்குத்தாக ஏறக் கூடாது. மேட்டுநிலம் போலச் சாய்வாக ஏற வேண்டும். என் கோடு செங்குத்தாகவே ஏறிக்கொண்டிருந்தது, நான் கடுப்பில் இருந்தேன். அம்மா கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"பாப்பா, டாக்டரு புதுசா எழுதுனாரு இல்ல, இந்த ஒரு மாத்திரை மட்டும் இடிச்சுத் தண்ணி ஊத்துனா கொழகொழன்னு பூடுது. தொண்டையில ஒட்டிக்கினு எறங்கல. மத்ததுலாம் நல்லாக் கரையுது. இது ஏன் இப்படி?"

"சிலது அப்படித்தாம்மா இருக்கும்." தலையைத் தூக்கவில்லை நான்.

"சுடுதண்ணி ஊத்துனா கொழகொழப்பு போயிடுது. கஞ்சித்தண்ணியாட்டம் ஆயிடுது. நேத்து ஊத்திப் பார்த்தேன். ஊத்தலாமா?"

"ஊத்து."

அவ்வளவுதான். ஒரே சொல். நான் கோட்டைத் தொடர்ந்து போட்டேன். அம்மா போய்ச் சுடுதண்ணீர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் காலையில் ஒன்பது, ஒன்பதரை வாக்கில் கிறுகிறுப்பு வர ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும், தலை தொங்கிப்போகும். மத்தியானம் சரியாகிவிடுவார். டாக்டர் திண்டிவனத்தில் சாயங்காலம்தான் உட்காருவார். சாயங்காலம் பிரஷர் பார்த்தால் எப்போதும் அதிகமாக இருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று அவர் கேட்பார். ஒருநாளும் விட்டதில்லைங்க என்று அம்மா சொல்வாள். அது உண்மை. அவர் அதே மாத்திரையில் கொஞ்சம் பெரியதாக எழுதிக் கொடுப்பார். அம்மா அதையும் நுணுக்கினாள். கிறுகிறுப்பு இன்னும் கூடியது. வாதம் வந்த உடம்பு அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அந்த எல்லோரில் ஒருத்தி.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு காலை அப்பா தண்ணீர் டிரம் வரைக்கும் நடந்து போய், அங்கேயே சாய்ந்தார். சிமெண்டு விளிம்பில் தலை அடிபட்டது. அப்போது நான் லேப்பில் இருந்தேன். என் ஃபோன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாம் மணி நேரத்துச் சாம்பிளை நிமிஷம் தவறாமல் எடுக்க வேண்டும் என்பதால் நான் எடுக்கவில்லை. சாம்பிளை எடுத்து, குறித்து, மூடி வைத்துவிட்டுத்தான் ஃபோனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தாள். மீந்துபோன மாத்திரைகள்.

"உங்க காலேஜ்ல யாருக்காச்சும் ஆவுமா பாரு. வீணாப் போவக் கூடாது."

பஸ்ஸில் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டு போனேன். கொழகொழக்கிறது என்று அம்மா சொன்ன அந்தப் பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்தது. எஸ், ஆர். மெதுவாக விடுவது என்று அர்த்தம். அந்த இரண்டு எழுத்தை நான் என் ஆய்வேட்டில் எத்தனை முறை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது என் கூழுக்குப் பங்காளி. மாத்திரைக்குள் ஒரு மாவு இருக்கிறது. வயிற்றில் ஈரம் பட்டதும் மேல்பக்கம் உப்பிக் கொழகொழவென்று ஒரு சுவராகி நிற்கும். மருந்து அந்தச் சுவருக்குள்ளிருந்து நாள் முழுக்கக் கசியும். இடித்தால் சுவர் போச்சு. ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். காலையில் பிரஷர் தரைக்குப் போகும்; சாயங்காலம் மருந்து தீர்ந்து எகிறும்.

சுடுதண்ணீர் விஷயமும் எனக்குத் தெரிந்ததுதான். அந்த மாவு குளிர்ந்த தண்ணீரில் கரைந்து கொழகொழக்கும், கொதிக்கிற தண்ணீரில் கரையாமல் பிரிந்து நிற்கும். வெப்பத்துக்குத் தலைகீழாக நடந்துகொள்ளும் பொருட்கள் என்று என் முதல் அத்தியாயத்தில் முதல் உதாரணமாகவே அதை எழுதியிருந்தேன். நான் புத்தகத்தில் பார்த்து எழுதினேன். அம்மா கிண்ணத்தில் பார்த்துக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து என்னிடம் வந்து கேட்கவும் செய்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது அவள் இல்லை.

மறுநாள் கேண்டீனில் இரண்டு கரண்டி கடன் வாங்கினேன். லேப்பில் உடம்புச் சூட்டில் வைத்த இரண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் மாத்திரையை முழுசாகப் போட்டேன். இன்னொரு மாத்திரையை அம்மா மாதிரியே கட்டைவிரலால் நசுக்கி, கெட்டில் தண்ணீரில் கலக்கி, சற்று ஆறவிட்டு மற்ற ஜாடியில் ஊற்றினேன். நேரம் பார்த்து இரண்டிலும் சாம்பிள் எடுத்தேன். முழு மாத்திரை சாயங்காலம் வரைக்கும் அடக்கமாக, சொன்ன பேச்சுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நுணுக்கியது அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. கோடு செங்குத்தாக ஏறிற்று. எட்டரைக்குக் குடித்தால் ஒன்பது. நான் ஜாடிகளைக் கழுவாமல் உட்கார்ந்து அழுதேன்.

அதனால்தான் அப்பா விழுந்தார் என்று சாட்சி சொல்ல என்னால் முடியாது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் அதிர்ந்துதான் போனார். முழுங்க முடியாது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நுணுக்கக்கூடிய மாத்திரையாக மாற்றியிருப்பேனே என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். பிறகு, நீங்களே இந்தத் துறையில்தானே இருக்கிறீர்கள் என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது இவ்வளவு ஆழமாகக் குத்தியது.

சார் என் மேசையில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? பிரமாதமா இருக்கே. முழுசு ஒரு கோடு, பவுடர் ஒரு கோடு. இதுவரைக்கும் நம்ம டேட்டாவுல இப்படி க்ளீனா ஒண்ணு வந்ததே இல்ல. இதை ஒரு சாப்டரா சேர்த்துடு."

சேர்த்தேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் கிண்டிய கூழ் ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அப்பாவும் இல்லை, அதுவும் இல்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வாய்மொழித் தேர்வு. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மீசைக்காரர், என் கூழைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடுகளில் மாத்திரையை எப்படிக் கொடுக்கிறார்களோ அதேபோல, சுடுதண்ணீர் வரைக்கும் செய்து பார்த்திருக்கிறீர்களே, இதை எப்படி யோசித்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். வீட்டில் பார்த்தேன் என்றேன். அவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஒன்றும் புரியாமல் அம்மாவும் தட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"அந்த மீசைக்காரரு இன்னாத்துக்குமா அவ்ளோ சந்தோஷப்பட்டாரு?"

சொல்லியிருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், ஒரு பொட்டு வீணாக்காமல் நுணுக்கிக் கொடுத்தேன், அப்படியும் அவர் தங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் செத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கைதட்டல் வேறு. கோபமா, தாங்க முடியாததா, ஏதோ ஒன்று. சொல்லிவிட்டேன். இடிக்கக் கூடாத மாத்திரை, கொழகொழப்பு எதற்கு, ஒன்பது மணிக் கிறுகிறுப்பு, எல்லாவற்றையும்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"நான் உன்னக் கேட்டேன் இல்ல?"

"கேட்டம்மா."

"ஊத்துன்னு சொன்ன."

"சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது, மயிலத்துக்குத் திரும்புகிற இடம், நாங்கள் இறங்க வேண்டும். அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்பதற்குள் என் பக்கம் திரும்பினாள்.

"இது நன்மையாட்டம், உடைக்கக் கூடாது, அதுவாக் கரையணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா? அது எனக்குத் தெரியுமே. உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே."